மார்ட்டினூவின் ஓபராக்களை இன்றைக்கு எப்படி மேடையேற்றுவது?

நீலாம்பரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சால்ஸ்பர்க் விழாவில் 2023 இல் நடந்த 'கிரேக்கப் பாடுகள்' ஓபராவின் ஒளிப்பதிவைப் போன வாரம் பார்த்தேன். அதிலிருந்து வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. செக் இசையமைப்பாளர் போஹுஸ்லாவ் மார்ட்டினூ (1890-1959) எழுதியது, மூலக்கதை நிகோஸ் கசான்சாகிஸின் நாவல்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைகோவ்ரிசி என்ற கிரேக்கக் கிராமத்தில் அடுத்த ஆண்டு பாஸ்கா நாடகத்துக்கு (இயேசு பட்ட பாடுகளை, அதாவது துன்பங்களை, நடித்துக் காட்டும் நாடகம்) யாருக்கு என்ன வேடம் என்று பாதிரியார் கிரிகோரிஸ் பிரித்துக் கொடுக்கிறார். ஆடு மேய்க்கும் மனோலியோஸுக்கு இயேசு வேடம், விதவை கத்தெரினாவுக்கு மகதலேனா வேடம். அந்த நேரத்தில், துருக்கியர் அழித்த ஊர் ஒன்றிலிருந்து தப்பி வந்த அகதிக் கூட்டம் ஊருக்குள் வந்து நிற்கிறது. அவர்களில் ஒரு பெண் பசி தாங்காமல் அங்கேயே விழுந்து சாகிறாள். கிரிகோரிஸ் உடனே காலரா என்று கத்துகிறார். அதுவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஒரே நொடியில் பின்வாங்குகிறது. அந்த இடத்தில் இரண்டு கோரஸ்கள், ஊர்க்காரர்களும் அகதிகளும், ஒரே வகைத் திருச்சபைப் பாட்டின் சாயலில்தான் பாடுகிறார்கள். ஒரே கடவுளைக் கும்பிடுகிற இரண்டு கூட்டம் என்று வாயால் சொல்லாமல் காதால் புரியவைக்கிறார் மனுஷன். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் சைமன் ஸ்டோன் பின்சுவரில் அகதிகளே வெளியேறுங்கள் என்ற வாசகத்தைப் பெரிய ஆரஞ்சு எழுத்துகளில் எழுத வைத்திருந்தார். எனக்கு அது தேவைப்படவில்லை, இசையே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் முதல்முறை பார்க்கிற ஒருவருக்கு அது கதவைத் திறந்துவிடுமோ என்றும் தோன்றுகிறது.

என் கேள்வி இதுதான். இவர் ஏறக்குறைய பதினாறு ஓபரா எழுதியிருக்கிறார். இரண்டைத் தவிர வேறெதையும் பெரிய அரங்குகளில் பார்க்க முடிவதில்லை. ஏன் இப்படி? இவற்றை இன்றைய பார்வையாளர்களிடம் கொண்டு போக என்னதான் செய்ய வேண்டும்? காட்சியமைப்பை நவீனமாக்கினால் போதுமா, இல்லை வேலை வேறெங்காவது இருக்கிறதா?


மேடைப்பலகை எழுதியது:

நல்ல கேள்வி நீலாம்பரி. நான் ஜெர்மனியில் ஒரு நகர ஓபரா அரங்கில் ஒத்திகைப் பியானோ வாசிக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காட்சியமைப்பு கடைசியில் வருகிற விஷயம். முதலில் வருவது தாள், அதாவது இசைக்குறிப்பு. எந்த ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் குறிப்பும் ஒன்றாக இருக்கும் பிரதி), எந்தப் பதிப்பு, ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிற ஒவ்வொருவர் கைக்கும் தவறில்லாத தனிப்பிரதி இருக்கிறதா, பாடகருக்குக் கொடுக்கப் பியானோ ஸ்கோர் இருக்கிறதா. இது இல்லையென்றால் எவ்வளவு நல்ல ஓபராவாக இருந்தாலும் எந்த அரங்கும் பருவப் பட்டியலில் சேர்க்காது.

நீங்கள் பார்த்த ஓபராவே இதற்கு நல்ல உதாரணம். 'கிரேக்கப் பாடுக'ளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தை லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கை மனதில் வைத்து எழுதினார், 1957 இல் முடித்தார். அப்போது அங்கே இசை இயக்குநராக இருந்தவர் இன்னொரு செக்காரரான ரஃபேல் குபெலிக். அப்படியிருந்தும் அரங்கு நிராகரித்துவிட்டது. அதன் பிறகு மார்ட்டினூ ஜூரிக் அரங்குக்காகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். அந்த வடிவம் 1961 ஜூன் மாதம் பால் ஸாகர் ஆர்கெஸ்ட்ராவை நடத்த அரங்கேறியது. மார்ட்டினூ 1959 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார், ஒரு ஒத்திகையைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வடிவத்தின் கையெழுத்துப் பக்கங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப் போயின. பிராகில் இருக்கிற மார்ட்டினூ நிறுவனத்தின் அலெஷ் பிரெசினா அவற்றைத் தேடிப் பிடித்து, பக்கத்தோடு பக்கம் பொருத்தி, முழு ஸ்கோராகத் திரும்ப உருவாக்கினார். அது 1999 இல் பிரெகென்ஸ் விழாவில் டேவிட் பவுண்ட்னி இயக்கத்தில் மேடையேறியது. அடுத்த ஆண்டு அதே தயாரிப்பு கோவென்ட் கார்டனுக்கே போனது. நாற்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே இடம்!

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜூரிக் வடிவத்தில் கோரஸ்கள் விரிந்து, நிறுத்தி நிதானமாகப் பாடும், மெட்டும் நீளமாக ஓடும். லண்டன் வடிவம் வெட்டி வெட்டிப் போகும். பேச்சு, பாதிப் பேச்சு பாதிப் பாட்டு, முழுப் பாட்டு என்று சில நொடிகளுக்குள் மாறும். இன்றைய காதுக்கு லண்டன் வடிவம்தான் பக்கத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சால்ஸ்பர்க்கில் வாசித்தது ஜூரிக் வடிவம், அதுவும் பிரமாதம்தான். ஆனால் ஒரு அரங்கு என்னிடம் கேட்டால் லண்டன் வடிவத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆக, இந்த ஓபரா இன்றைக்கு உயிரோடு இருக்கக் காரணம் சுவரில் எழுதியவர் இல்லை, மேசையில் உட்கார்ந்து பக்கம் சேர்த்தவர்.


ரைன்கரை எழுதியது:

வணக்கம். நான் இருக்கிறது பாசலில். மார்ட்டினூ இறந்த லீஸ்டால் இங்கிருந்து ரயிலில் சில நிமிடத் தூரம்தான். கடைசிக் காலத்தில் பால் ஸாகரின் வீட்டில், ஷோனென்பெர்க்கில்தான் இருந்தார். முதலில் அங்கேதான் அடக்கம் செய்தவை, பிறகு 1979 இல் உடலை அவருடைய சொந்த ஊர் பொலிச்காவுக்குக் கொண்டுபோனவை.

எனக்கு இசைக்குறிப்பு எல்லாம் வாசிக்கத் தெரியாது, நான் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? 'கிரேக்கப் பாடுக'ளைப் பார்க்கிறபோது எனக்கு அந்த அகதிகளின் பாதிரியார் ஃபோட்டிஸைவிட ஊர்ச்சனம்தான் கூடுதலாக மனதில் நின்றது. கெட்ட சனம் என்று ஒருவரும் இல்லை. எல்லாரும் பயந்த சனம். எங்களைப் போல வந்தேறிய குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும், கதவைச் சாத்தியவரும் அடுத்த நாள் சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்லுவார். மார்ட்டினூ அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார், ஏனென்றால் அவரும் ஊர் ஊராக அலைந்த ஆள். 1923 இல் பாரிசுக்குப் போனார், 1940 ஜூனில் ஜெர்மன் படை வருகிறதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கிருந்து தப்பினார், 1941 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். 1948 இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி மாறிய பிறகு திரும்பிப் போகவே இல்லை.

அவருடைய ஓபராக்கள் கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு செக் இசையமைப்பாளர் யானாச்செக்குக்கு ப்ர்னோ நகரம் இருந்தது, வெளியில் கொண்டுபோக எழுத்தாளர் மாக்ஸ் பிரோட் இருந்தார், பிறகு ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் சார்ல்ஸ் மக்கெரஸ் வந்தார். மார்ட்டினூவை எந்த ஊர் தன்னுடைய ஆள் என்று தோளில் தூக்கும்? செக்காரருக்கு அவர் போய்விட்ட ஆள், பிரெஞ்சுக்காரருக்கு வந்த ஆள், அமெரிக்காவுக்கும் அப்படியே.


இரவுவாசகன் எழுதியது:

ரைன்கரை சொன்னதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஊர் ஊராகப் போனதால் அவர் எத்தனை மொழியில் எழுதியிருக்கிறார் பாருங்கள். 'ஜூலியெட்டா' செக், 'ஆரியான்' பிரெஞ்சு, கோல்டோனியின் நாடகத்தை வைத்து எழுதிய 'மிராண்டோலினா' இத்தாலியன், 'கிரேக்கப் பாடுகள்' ஆங்கிலம். செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் 'டாலிபோர்', 'லிபூஷெ' ஓபராக்கள் எல்லாம் நாட்டுக்கு வெளியே நகராததற்கு செக் மொழியில் பாடத் தெரிந்தவர்கள் கிடைக்காததும் ஒரு காரணம் என்பார்கள். மார்ட்டினூவில் பாதிக்கு அந்தத் தடையே கிடையாது. உலகத்தில் எந்த ஓபரா அரங்கிலும் இத்தாலியனும் பிரெஞ்சும் பாட ஆள் இருக்கிறது.

அப்புறம், எல்லாவற்றையும் உயிர்ப்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதினாறும் பொக்கிஷம் என்று சொன்னால் ஒரு தடவை வந்து சலித்துப் போகிறவர் மறுபடி வரமாட்டார். 1928 இல் ப்ர்னோவில் அரங்கேறிய 'சிப்பாயும் நடனக்காரியும்' எனக்கு நீளம் தாங்கவில்லை. நல்ல இடங்கள் உண்டு, ஆனால் இளம் வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்ட வேலை. தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும், அதிலும் சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய பெரிய பலமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓபராக்கள்தான் என்பேன்.

'பாலத்தின் மேல் நகைச்சுவை' கேட்டிருக்கிறீர்களா? பிராக் வானொலிக்காக எழுதியது, 1937 மார்ச்சில் ஒலிபரப்பானது. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சண்டை போடும் இரண்டு படைகள், நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். இந்தப் பக்கத்துக் காவலன் பாலத்தில் ஏற விடுகிறான், அந்தப் பக்கத்துக் காவலன் இறங்க விடமாட்டேன் என்கிறான். திரும்பி வந்தால் இவனும் விடமாட்டான். ஒருவர் பின் ஒருவராக, ஒரு கிராமத்துப் பெண், அவள் காதலன், பீர் காய்ச்சுகிற ஒரு பெரிய மனிதர், அவர் மனைவி, கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் பாலத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். குண்டு வெடிக்கிறது, செத்துவிடுவோம் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்ததை ஒப்புக்கொள்கிறார்கள். வாத்தியாருக்கோ அதுவெல்லாம் கவலையே இல்லை, யாரோ போட்ட ஒரு விடுகதை மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. உயரமான சுவர் சூழ்ந்த தோட்டத்திலிருந்து மான் எப்படித் தப்பிக்கும்? கடைசியில் விடை கிடைக்கிறது: தப்பிக்க முடியாது. ஹிட்லர் பக்கத்து நாட்டில் இருந்தபோது ஒரு செக் வானொலியில் இது போயிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இதில் ஒரு வரியைக்கூட இன்றைக்காக மாற்ற வேண்டாம்.

2003 இல் சிக்காகோவில் இதைப் 'புருண்டிபார்' ஓபராவோடு ஒரே மாலையில் சேர்த்துப் போட்டார்கள். தெரெசின் நாஜி முகாமில் குழந்தைகள் பாடிய ஹான்ஸ் க்ராசாவின் ஓபரா அது. டோனி குஷ்னர் ஆங்கில வசனம் எழுத, மாரிஸ் செண்டாக் காட்சி வரைந்தார். பிறகு அந்தத் தயாரிப்பு பெர்க்லி, நியூயார்க் என்று நாடக அரங்குகளுக்குப் போனது. ஓபராவுக்கே வராத குடும்பங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கக்கூடிய மாதிரி அமைத்திருந்தார்கள். நான் கேட்பது இந்த மாதிரி மேடையேற்றம்.


நீலாம்பரி எழுதியது:

பாலம் கதையைப் படித்ததுமே தேடிக் கேட்டுவிட்டேன், அருமை! மான் விடுகதையை வாத்தியார் மறுபடி மறுபடி பாடுகிற இடத்தில் கூடவே வருகிற மரக்காற்றிசைக் கருவிகளின் குறும்பு மனதிலேயே நிற்கிறது.

மேடைப்பலகை, இரவுவாசகன் சொல்கிறமாதிரி சின்ன ஓபராக்கள் இவ்வளவு நன்றாக இருந்தால் நகர அரங்குகள் ஏன் எடுப்பதில்லை? செலவும் குறைவாகத்தானே ஆகும்?


மேடைப்பலகை எழுதியது:

செலவு குறைவு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு மாலைக்கு ஒரு சீட்டுதான் விற்க முடியும். நாற்பது நிமிட ஓபராவுக்கு முழுச் சீட்டு விலை வாங்க முடியாது, ஆகவே இரண்டு அல்லது மூன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு செட், இரண்டு உடைத் தொகுதி, இரண்டு மடங்கு ஒத்திகை. எங்கள் அரங்கில் 'ஆரியா'னை இன்னொரு ஒற்றை அங்க ஓபராவோடு போடலாம் என்று பேச்சு வந்தது, பட்ஜெட் கூட்டத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. 'ஆரியான்' அவ்வளவு அழகு. 'கிரேக்கப் பாடுகள்' வேலைக்கு நடுவே இளைப்பாறுவதற்காக 1958 இல் கொஞ்ச நாளில் எழுதி முடித்தது. தீசியஸ் ஆரியானை விட்டுவிட்டுப் போன பிறகு அவள் பாடும் கடைசிப் பாட்டு, பழைய இத்தாலிய இசையமைப்பாளர் மொன்தெவெர்தி காலத்துப் புலம்பலின் சாயலில் இருக்கும். புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலாஸின் குரலை மனதில் வைத்து எழுதினார் என்பார்கள். ஒரு நல்ல சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) கையில் இருந்தால் அரங்கு தைரியமாக எடுக்கலாம், அந்தப் பாட்டுக்காகவே ஆட்கள் வருவார்கள்.

இன்னொரு தடை, அரங்குகளுக்குப் பழக்கம் இல்லை என்பது. 'கத்தியின் கண்ணீர்' 1928 இல் எழுதியது, 1969 இல்தான் ப்ர்னோவில் மேடை கண்டது. 'மூன்று வரங்கள்' 1929 இல் முடித்தது, அரங்கேறியது 1971. தாடியை மழித்துக்கொண்டு தன் தம்பி முறைக்காரன்போல வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியைச் சோதிக்கும் புருஷனின் கதையான 'அலெக்ஸாந்தர் பிஸ்' 1937 இல் எழுதியது, மேடைக்கு வந்தது 1964. சுவரில் தொங்கும் படம் பாடும் அதில், கேட்கவே சிரிப்பு வரும். எழுதிய காலத்தில் இவை மேடையேறியிருந்தால் பாடகர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருப்பார்கள், விமர்சனம் வந்திருக்கும், பதிவு வந்திருக்கும். முப்பது நாற்பது வருட இடைவெளி விழுந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு அரங்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

'மூன்று வரங்க'ளை மட்டும் ஒரு நல்ல இயக்குநர் கையில் கொடுத்துப் பார்க்க ஆசை. கதையே ஒரு சினிமா ஸ்டுடியோவில் தொடங்குகிறது, நடுவில் படப்பிடிப்பு, திரையில் படம், ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸஃபோனும் பாஞ்சோவும். இன்றைக்கு ஓபரா மேடையில் கேமராவும் திரையும் வைக்காத இயக்குநர் குறைவு, பல நேரம் அது ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும். இங்கே திரை கதைக்குள்ளேயே இருக்கிறது. 1929 இல் ஒருவர் அப்படி யோசித்திருக்கிறார்.


இரவுவாசகன் எழுதியது:

அதேதான் நானும் சொல்ல வந்தது. இவரை நவீனமாக்குவது என்ற பேச்சே எனக்குப் புரியவில்லை. இவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்.

ஆனால் இயக்குநரே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஜூலியெட்டா'வை ரிச்சர்ட் ஜோன்ஸ் செய்ததைப் பாருங்கள், லண்டனில் 2012 இல் அது வந்தது. மேடை முழுக்க ஒரு மாபெரும் அக்கார்டியன். மடிப்புகள், பொத்தான்கள் எல்லாம் வீடும் சன்னலும் ஆகின்றன. முதல் அங்கத்தில் மிஷெல் என்ற புத்தகக் கடைக்காரன், சன்னலோரம் பாடிய ஒரு பெண்ணின் குரலைத் தேடி ஒரு கடற்கரை ஊருக்கு வருகிறான், அங்கே ஒருவருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. ஊர்க்காரர்கள் ஒரு பழைய பாட்டை எங்கோ கேட்டதாக உணரும்போது ஒலிப்பதும் அக்கார்டியன்தான். காட்சியமைப்பாளர் அந்த ஒரு கருவியைப் பிடித்து அதையே ஊராக்கிவிட்டார். ஸ்கோருக்குள்ளிருந்து எடுத்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது இல்லை. மார்ட்டினூவை இயக்க விரும்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பெர்லினில் 2016 இல் பாரன்பாய்ம் நடத்த, கிளவுஸ் குத் இயக்கிய 'ஜூலியெட்டா'வும் உண்டு. ஆர்கெஸ்ட்ரா அதில் கண்ணாடிபோல் துலக்கமாக ஒலித்தது. நான் எப்போதும் அக்கார்டியன் பக்கம்தான்.


ரைன்கரை எழுதியது:

மேடைப்பலகை அண்ணா, ஒரு கேள்வி. மார்ட்டினூவின் பதிப்புரிமைக்காலம் முடிந்தால் நிலைமை மாறுமா? 1959 இல் இறந்தவர் என்றால் ஐரோப்பாவில் எழுபது வருடக் கணக்கு 2029 கடைசியோடு முடிகிறதுதானே?


மேடைப்பலகை எழுதியது:

இசைக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் ஓபரா என்றால் எழுத்தும் சேர்ந்தது. 'ஜூலியெட்டா', 'ஆரியான்' இரண்டுக்கும் மூல நாடகம் ஜோர்ஜ் நெவோவுடையது, அவர் 1982 வரை இருந்தார், ஆகவே அந்தப் பக்கத்து அனுமதி அதற்குப் பிறகும் வேண்டியிருக்கும். இன்னொன்று, உரிமைத்தொகை இல்லாமல் போனாலும் வாசிக்கிற தாள் எங்கிருந்தாவது வர வேண்டும். நல்ல வேளையாக அந்த வேலை நடக்கிறது. மார்ட்டினூ நிறுவனமும் பேரன்ரைட்டர் பதிப்பகமும் சேர்ந்து அவருடைய எல்லாப் படைப்புகளையும் ஆய்வுப் பதிப்பாகக் கொண்டு வருகிறார்கள், மெதுவாக, ஒரு தொகுதிக்குப் பின் இன்னொன்றாக. பிழை திருத்திய ஸ்கோர் ஒன்று வெளிவந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எத்தனை ஒத்திகை மணிநேரம் மிச்சம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓபோ குழலின் பிரதியில் ஒரு சுரக்குறி தவறி, நடத்துநரின் முழு ஸ்கோரில் வேறு இருந்தால் ஐம்பது பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்.

இன்னும் ஒரு நல்ல செய்தி. யாக்குப் ஹ்ரூஷா 2025 முதல் கோவென்ட் கார்டனின் இசை இயக்குநர். மார்ட்டினூவை விடாமல் நடத்தி வருகிறவர், சர்வதேச மார்ட்டினூ வட்டத்தின் தலைவரும் அவரே. அவருக்கு முன் இதைச் செய்துவந்த செக் நடத்துநர் யிர்ஷி பியெலோஹ்லாவெக் 2017 இல் இறந்தபோது இனி யார் என்று கவலையாக இருந்தது. டால்ஸ்டாய் கதையை வைத்து மார்ட்டினூ எழுதிய 'மனிதர்கள் எதனால் வாழ்கிறார்கள்' என்ற குட்டி ஓபராவைக்கூட விடாமல் பியெலோஹ்லாவெக் தன் கடைசிக் காலத்தில் பதிவு செய்தார். இப்போது ஒரு பெரிய அரங்கின் சாவி ஒரு மார்ட்டினூ பித்தர் கையில் இருக்கிறது.

நீலாம்பரி, நீங்கள் அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசித்தால், பாலம் முடிந்ததும் 'ஆரியா'னுக்குப் போங்கள், அப்புறம் 'ஜூலியெட்டா'வின் மூன்றாம் அங்கம். கனவுகளின் மத்திய அலுவலகம் என்ற காட்சி. கனவு காண வருகிறவர்களுக்கு ஒரு குமாஸ்தா கனவு வழங்குகிறார், மூடுகிற நேரத்துக்குள் வெளியேறாதவர் உள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவார். யாரோஸ்லாவ் க்ரோம்போல்ஸ் நடத்திய பழைய செக் பதிவைத் தேடுங்கள், பிறகு 'கிரேக்கப் பாடுக'ளுக்குத் திரும்புங்கள். மக்கெரஸ் ப்ர்னோ ஆர்கெஸ்ட்ராவோடு 1981 இல் ஆங்கிலத்தில் பதிவு செய்தது ஜூரிக் வடிவம், பிரெகென்ஸ் பதிவு லண்டன் வடிவம். காலரா இடத்தை இரண்டிலும் வைத்துக் கேட்டுவிட்டு எது பிடித்தது என்று இங்கேயே எழுதுங்கள், நான் ஜூரிக்காரர்களோடு வாதாட ரெடி.